மில்களைக் கொன்றது வேலைநிறுத்தமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மும்பை போயிருந்தேன். பரேலில் வணிக வளாகங்களுக்கு நடுவே பழைய மில் புகைபோக்கிகள் நிற்கின்றன. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய வேலைநிறுத்தம்தான் அந்த மில்களை அழித்தது என்று அப்பா சொல்வார். நாங்கள் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். அது சரிதானா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சாமந்துக்குப் போராட்டத்தைத் தொடங்கத் தெரிந்த அளவு முடிக்கத் தெரியவில்லை. அந்தப் பிழையை நான் மறைக்கமாட்டேன். ஆனால் மில்களின் நோய் அதற்கு வெகுகாலம் முன்பே முற்றியிருந்தது.

நல்ல காலத்தில் வந்த லாபத்தை முதலாளிகள் பலர் வேறு தொழில்களுக்குக் கொண்டுபோனார்கள். தேய்ந்த தறிகளை மாற்றவில்லை. மும்பைக்குப் பக்கத்து ஊரான பிவண்டியின் விசைத்தறிகளில் கூலிக்கு நெய்து வாங்கி, துணியில் மில்லின் முத்திரையைக் குத்தி விற்றார்கள். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பாதிக்கும் குறைந்த கூலி. வரிச்சலுகையும் விசைத்தறிக்கே. விசைத்தறிக் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலைநிறுத்தம் நடந்த மாதங்களிலும் பிவண்டியிலிருந்து துணி வந்துகொண்டுதான் இருந்தது. கதவடைத்ததால் முதலாளிக்குப் பெரிய நெருக்கடி எதுவும் இல்லை.

பிறகு நிலம். நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர். 1991ல் வந்த விதி, மில் நிலத்தை விற்க வழிவிட்டது; மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு என்றது. 2001ல் அந்தப் பங்கு, மில் கட்டடங்கள் நின்ற இடத்தை விட்டுவிட்டு, காலி இடத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. 2006ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. துணியைவிட நிலம் பல மடங்கு தரும்போது, நலிந்த மில்லை எவர் நிமிர்த்துவார்?

சில ஆண்டுகளுக்கு முன் பரேலில் ஒரு சாலில், அதாவது தொழிலாளர்களின் ஒற்றையறை வரிசைக் குடியிருப்பில், ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். கானாவள் என்னும் வீட்டுச் சாப்பாட்டு மெஸ் நடத்தியவர், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த நாற்பது மில் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்டவர். பாக்கி எழுதிய நோட்டை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். 1982 மார்ச் முதல் எந்தப் பக்கத்திலும் வரவு இல்லை, பற்று மட்டும்தான். ஆகஸ்டில் எழுத்தும் நின்றுவிட்டது. பாதிப் பேர் கொங்கணத்துக்கே திரும்பிவிட்டார்களாம்.