பத்து மாத ஒப்பந்தம், அறுபது மாதத் தவணை

கேள்வி: எனக்கு வயது 28. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். தேசிய லீகில் ஆடும் ஒரு கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பர். ஆண்டுக்கொரு ஒப்பந்தம், ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதம். சம்பளம் 60,000, டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போகக் கைக்கு 54,000. சீசனில் தங்குமிடமும் சாப்பாடும் கிளப்பே பார்த்துக்கொள்ளும். என் பெயரில் இரண்டு தனிநபர் கடன்கள்: மச்சானின் வள்ளத்துக்கு என்ஜின் வாங்க 4 லட்சம் (15%, 5 வருடம்), சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு 3 லட்சம் (16%, 4 வருடம்). இரண்டிலும் இன்னும் 30 தவணை பாக்கி. மச்சான் முதல் ஐந்து மாதம் பணம் தந்தார், பிறகு நின்றுவிட்டது. வீட்டுக்கு 15,000 அனுப்புகிறேன், என் செலவு 8,000. க்ளவுஸ், பூட்ஸ், பிசியோ என்று வருடம் 30,000. மிச்சத்தை யாராவது கைமாற்றாக வாங்கிவிடுகிறார்கள். ஜூன் வந்தால் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகிறது. இப்போது மச்சான் ஊரில் ஃபைவ்ஸ் டர்ஃப் (ஐவர் கால்பந்துக்கான, வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) போடலாம், மொத்தம் 25 லட்சம், உன் பங்கு 8 லட்சத்துக்கு லோன் போடு என்கிறார். 'கோல்கீப்பர் நாற்பது வயது வரை ஆடலாமே, உனக்கென்ன பயம்' என்கிறார். வங்கியில் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சேமிப்பின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செலவுக் கணக்கை நீங்களே இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். ஊதாரித்தனம் எதுவும் அதில் இல்லை. கேடு செய்வது ஒரே பழக்கம்தான். கிளப்போடு ஒப்பந்தம் போட்டதும், அந்தக் காகிதத்தை வங்கியில் காட்டி இன்னொருவருக்காகக் கடன் வாங்குகிறீர்கள். காகிதத்தின் ஆயுள் பத்து மாதம், கடனின் ஆயுள் நாற்பத்தெட்டு மாதம், அறுபது மாதம். அடுத்த ஒப்பந்தம் வரும் என்ற நம்பிக்கைதான் அந்தக் கடனுக்கு ஈடு. வங்கிக்கு அது போதும், ஏனென்றால் வராவிட்டால் அவர்கள் பிடிக்கப்போவது உங்களைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். என்ஜின் கடனுக்குத் தவணை சுமார் 9,500, கல்யாணக் கடனுக்கு 8,500. ஆக 18,000. வீட்டுக்கு 15,000, உங்களுக்கு 8,000, க்ளவுஸ் முதலிய செலவு மாதக் கணக்கில் 2,500. மொத்தம் 43,500. சீசனில் மாதம் 10,500 மிஞ்ச வேண்டும். பத்து மாதத்தில் 1,05,000. ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்குத் தேவை 87,000. அதாவது, இன்றைய கடன்களை வைத்துக்கொண்டே கூட வளையலை அடகு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த 10,500 உங்களுக்கு உபரியாகத் தெரிகிறது, கேட்பவருக்கும் அப்படியே தெரிகிறது. உண்மையில் அது ஜூன் மாத அரிசிக்கும் தவணைக்கும் உரிய பணம்.

இதன் மேல் டர்ஃப் கடன் 8 லட்சத்தை ஏற்றுங்கள். 16 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்குத் தவணை 19,450. மொத்தச் செலவு 63,000 ஆகிறது, கைக்கு வருவது 54,000. சீசன் நடக்கும்போதே மாதம் 9,000 துண்டு விழும். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் மச்சானிடம் நீங்கள் பேசியாக வேண்டுமே, அதற்காக டர்ஃபின் கணக்கையும் போட்டுவிடலாம்.

டர்ஃப் போடுபவர்கள் எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடும் என்று கணக்கு எழுதுகிறார்கள். உச்சிவெயிலில் செயற்கைப் புல்லில் யார் ஆடுவார்கள்? நம் ஊர் வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. வேலை நாளில் மாலை ஆறுக்கு மேல் மூன்று மணி நேரம், சனி ஞாயிறு காலையும் மாலையும் சேர்த்து ஆறு மணி நேரம் என்று தாராளமாகவே வைப்போம். மாதம் சுமார் 114 மணி நேரம். மணிக்கு 800 ரூபாய் என்றால் 91,000. இடத்து வாடகை 25,000, இரண்டு ஆட்கள் 24,000, விளக்குக்கு வணிகக் கட்டணத்தில் மின்சாரம் 12,000, வலை கிழிசல், ரப்பர் குருணை நிரப்புவது, தையல் பிரிந்த இடத்தை ஒட்டுவது என்று 8,000. மிஞ்சுவது 22,000. 25-இல் 8 பங்குக்கு உங்களுக்கு 7,000. தவணையோ 19,450. மாதாமாதம் 12,000-க்கு மேல் கைநஷ்டம். ஆறேழு வருடத்தில் புல்விரிப்பையே மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை மேலே சேர்க்கவே இல்லை. பக்கத்து ஊரில் இன்னொரு டர்ஃப் வந்தால் 800 ரூபாய் 500 ஆகும் என்பதையும்தான்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் சம்பளம் நிற்பது ஜூன், ஜூலையில். அதே மாதங்களில்தான் உங்கள் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் அப்போதுதான். வள்ளத்துக்குத் தடை இல்லை என்றாலும் பல நாள் கரையில்தான் கிடக்கும். அதே மழையில் டர்ஃபுக்கும் ஆள் வராது. ஒரு குடும்பத்தின் மூன்று வருமானமும் ஒரே மாதத்தில் வற்றுகிறது, தவணைத் தேதி மட்டும் அசையாமல் நிற்கிறது. வளையல் ஏன் ஜூனில் போகிறது என்பதற்கு விடை இதுதான்.

'கோல்கீப்பர் நாற்பது வரை ஆடலாம்' என்ற பேச்சுக்கு வருவோம். தினோ ஜோஃப் 1982-இல் நாற்பது வயதில் இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்தார். எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018-இல் 45 வயதில் உலகக் கோப்பையில் ஆடி, பெனால்டி கூடத் தடுத்தார். பஃபோன் 45-இல்தான் ஓய்வு பெற்றார். எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் பல வருடம் முதல் கீப்பராக ஆடிப் பெயர் எடுத்தவர்கள். மற்ற இடங்களுக்கு ஓர் ஆட்டத்தில் மாற்று ஆட்கள் இறங்குவார்கள். கீப்பரை, அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ ஒழிய யாரும் மாற்றுவதில்லை. ஒரு கிளப்பில் மூன்று, நான்கு கீப்பர்கள் இருப்பார்கள், ஆடுவது ஒருவர். இரண்டாவது கீப்பருக்கு ஆட்ட நிமிடம் இல்லை. நிமிடம் இல்லாததால் காட்ட வீடியோ இல்லை. வீடியோ இல்லாததால் அடுத்த கிளப் விலை கேட்பதில்லை. உங்கள் உடம்பு நாற்பது வரை தாங்கலாம். ஒப்பந்தம் தாங்குமா என்பதுதான் கேள்வி. வரும் சீசனில் சம்பளம் ஐந்தாயிரம் குறைந்தாலும் முதல் கீப்பராக ஆடக் கிடைக்கும் சின்னக் கிளப்பில் சேரப் பாருங்கள். உங்கள் வருமானத்தை உயர்த்தக்கூடிய ஒரே முதலீடு அதுதான்.

கிளப் சம்பளம் தவறாமல் வரும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனே நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. செயல்பாட்டை இடைநிறுத்தியது. உச்சியில் இருக்கும் கிளப்களின் நிலைமையே அது. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுத்து, அப்போதும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். நோட்டீஸை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்ஆப்பில் மேனேஜரிடம் கெஞ்சியது கணக்கில் வராது. ஆனால் வழக்கு முடிந்து பணம் வர மாதக்கணக்கில் ஆகும். தவணை அதுவரை காத்திருக்காது.

அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையைவிட நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது காயம் பற்றிய ஷரத்து. தோள்பட்டை, விரல், முழங்கால் மூன்றும் உங்கள் தொழிலில் எப்போதும் ஆபத்தில் இருப்பவை. ஏப்ரலில் முழங்கால் ஜவ்வு கிழிந்தால் மீண்டு ஆட எட்டு, ஒன்பது மாதம் ஆகும். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடியும், கிளப்பின் குழுக் காப்பீடும் அதோடு முடியும். 'ஒப்பந்த காலத்தில் ஏற்பட்ட காயத்துக்கான அறுவையும் பிசியோவும் முழுமையாகக் குணமாகும் வரை கிளப் செலவு' என்ற ஒரு வரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடும் தேவை. விண்ணப்பத்தில் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று மறைக்காமல் எழுதி, ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் பதிலாக வாங்குங்கள். விபத்துக் காப்பீடுகள் பலவற்றில் தொழில்முறை விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. சம்பளத்தில் 10% டி.டி.எஸ். பிடிக்கிறார்கள் என்றால் உங்களைத் தொழில்முறையாளர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். வருடம் 60,000 போகிறது. இப்போதைய புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 60,000-மும் திரும்ப வரும். நீங்கள் தாக்கல் செய்ததாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஐ.டி.ஆர்-3 படிவம், ஒரு ஆடிட்டரிடம் போங்கள். டிசம்பர் 31 தாண்டிய பழைய வருடங்களுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், அதையும் அவரிடமே கேளுங்கள். க்ளவுஸ், பிசியோ, ஏஜென்ட் கமிஷன் ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். தொழில் செலவாகக் கழிக்கலாம். ஒரு சின்ன யோசனை: செயற்கைப் புல்லில் பயிற்சிக்குப் பழைய க்ளவுஸ் ஜோடியைப் போடுங்கள், அதில் விழுந்து எழுந்தால் உள்ளங்கை ரப்பர் சீக்கிரம் உரியும். மேட்ச் ஜோடியை வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் காயவிட்டால் அது கூடுதலாகச் சில ஆட்டங்கள் வரும். 30,000-இல் நாலைந்து ஆயிரம் மிஞ்சும்.

திரும்பி வரும் 60,000-ஐ அப்படியே கல்யாணக் கடனில் கட்டுங்கள். அதில் இப்போது அசல் பாக்கி ஏறக்குறைய 2,09,000. தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் 30 தவணை 20 ஆகும். பத்துத் தவணை, அதாவது 85,000 ரூபாய், கட்ட வேண்டியிராது; கட்டிய 60,000 போக சுமார் 25,000 மிச்சம். பகுதி முன்கட்டணத்துக்கு அபராதம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 16 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு யூலிப் போடுவதா? வேண்டாம். முதல் வருடங்களில் கட்டணங்களுக்கே ஒரு பகுதி போகும், ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது. ஒரு சீசன் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் பிரீமியம் நின்று பாலிசி முடங்கும்.

அடுத்த சம்பள நாளுக்கு முன் இன்னொரு வங்கியில், ஏ.டி.எம். அட்டை வாங்காமல், ஒரு கணக்கு தொடங்குங்கள். சம்பளம் விழுந்த மறுநாள் 9,000 ரூபாய் தானாகப் போகும்படி உத்தரவு கொடுங்கள். பத்து மாதத்தில் 90,000. ஜூன் மாதத்துக்கும் ஜூலை மாதத்துக்கும் அதுதான் சம்பளம். கைமாற்று கேட்பவரிடம் 'சம்பளம் வருடத்துக்குப் பத்து மாதம்தான்' என்று சொல்லுங்கள். பொய்யில்லை, பலருக்கும் தெரியாத உண்மை.

மச்சானை வெறும் கையோடு திருப்பி அனுப்பவும் வேண்டாம், அக்கா வாழும் வீடு அது. மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. எரிபொருள், ஐஸ், வலை போன்ற நடைமுறைச் செலவுக்கு ஒரு வரம்பு வரை 7% வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். அது அவர் பெயரில், அவர் வள்ளத்தின் பதிவுக் காகிதத்தைக் காட்டி வாங்க வேண்டியது. சீசன் முடிந்து ஊருக்குப் போன வாரமே அவரோடு வங்கிக்கு நடந்து விண்ணப்பத்தைக் கொடுங்கள். கந்துக்காரரிடம் எடுக்கும் பணம் குறைந்தால், என்ஜின் தவணை 9,500-இல் பாதியையாவது மாதாமாதம் உங்கள் கணக்கில் போடும்படி கேளுங்கள். என்ஜின் அவருடைய வள்ளத்தில்தானே ஓடுகிறது.