பாதி விலை ஃபிளாக் மந்தமாகக் கேட்பது ஏன்?

ஹெட்போனை மாற்ற வேண்டாம். தள்ளுபடியில் வாங்கிய ஃபிளாக் (ஒலியை வெட்டாமல் சேமிக்கும் ஃபைல் வகை) ஆல்பம் நண்பரின் சிடியைவிட மந்தமாகக் கேட்கிறதென்றால், அநேகமாக அது எம்பி3-லிருந்து மாற்றிய ஃபைல். எம்பி3 ஆக்கும்போது வெட்டிய ஒலி திரும்ப வராது, ஃபைலின் அளவுதான் கூடும்.

ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டை இழுத்துப் போடுங்கள். பாட்டின் ஒலி எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை போகிறது என்று படமாகக் காட்டும். அது 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் 128 கேபிபிஎஸ் (தரம் குறைந்த எம்பி3) சரக்கு. 20 பக்கம் நின்றால் 320ஆக இருக்கலாம். சிடியிலிருந்து நேராக எடுத்தது 22 வரை போகும். வெட்டு தெரிந்தால் அந்தப் படத்தையே அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். ஆனால் பழைய டேப் பதிவுகளில் மேலே இயல்பாகவே ஒன்றும் இருக்காது; அங்கே மெல்ல மங்கும், நேர்கோடாக நிற்காது. அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

புதுச்சேரி ஞாயிறு சந்தை போன்ற இடத்தில் பழைய சிடி தேடுகிறீர்களா? உறையில் ‘100 பாடல்கள்’ என்றிருந்தால் வேண்டாம்: ஆடியோ சிடி கொள்வது சுமார் 80 நிமிடம்தான், அது எம்பி3 தட்டு. அடிப்பக்கம் நீலமோ பச்சையோ அடித்தால் கம்ப்யூட்டரில் பதிந்தது. தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஊசித்துளை பரவாயில்லை, நிறைய தெரிந்தால் அலுமினியப் பூச்சு போயிற்று, பாட்டு குதிக்கும்.