பலேர்மோவில் கிடைத்த பழைய பியாங்கி: 250 யூரோவுக்குள் ஓடவைப்பது எப்படி?

இத்தாலியின் பலேர்மோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். அவர் வேலை பார்க்கும் வீட்டில் கராஜைக் காலி செய்தபோது, தூசி படிந்து கிடந்த ஒரு பியாங்கி ரோடு சைக்கிளை 80 யூரோவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1980-களில் வாங்கியது என்கிறார்கள். பியாங்கிக்கே உரிய அந்த வெளிர் பச்சை கலந்த நீலம், குழாய் தயாரிப்பாளரான கொலம்பஸின் பாதி உரிந்த ஸ்டிக்கர், இத்தாலிய நிறுவனமான கம்பாஞோலோவின் பாகங்கள், பின்னால் 6 கியர். "கிராங்க் சுற்றினால் கரகரக்கிறது. வலப்பக்கக் கப்பை அப்பாவின் ரலி சைக்கிளில் கழற்றியதுபோலவே திருப்பிப் பார்த்தேன், அசையவே இல்லை. டயர் ரிம்மோடு ஒட்டியிருக்கிறது. பெயிண்ட் அடிக்க ஒருவர் 280 யூரோ கேட்கிறார். என்னிடம் இருப்பது 250. செப்டம்பர் 4 திருவிழாவுக்கு முன் இதிலேயே சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலை ஏற வேண்டும். எதில் தொடங்கட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள். கிராங்க் அச்சின் குண்டுகள் உருளும், ஃபிரேமில் திருகிப் பூட்டிய கிண்ணம்தான் கப். நீங்கள் இத்தனை நாளும் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ரலியிலும், அதே வழியில் வந்த நம்மூர் சைக்கிள்களிலும் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். உங்கள் கை அதற்குப் பழகியிருக்கிறது. ஆனால் பழைய இத்தாலிய சைக்கிளில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். இரண்டையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பிக் கழற்ற வேண்டும். உங்களுடையது இத்தாலிய மரைதானா என்று உறுதி செய்ய, கிராங்க் அச்சு நுழையும் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. இருந்தால் இத்தாலியம், 68 என்றால் பெரும்பாலும் ஆங்கிலேய மரை. கப்பின் முகத்தில் 36 × 24 என்று பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை.

இந்த அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. மிதிக்க மிதிக்க, உள்ளே உருளும் குண்டுகள் வலப்பக்கக் கப்பைக் கழலும் திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும். ரலிக்காரர்கள் இடது மரை வைத்ததே அதற்காகத்தான். இத்தாலியர்கள் மரையை மாற்றாமல் கப்பை மிக இறுக்கமாகப் பூட்டினார்கள். 40 வருஷத்துக்குப் பிறகு அது அசைய மறுப்பதில் ஆச்சரியமில்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆங்கிலேய மரை தேய்ந்துபோனால் அதையே பெரிதாக வெட்டி இத்தாலிய அளவுக்கு மாற்றிவிடலாம். இத்தாலிய மரை போனால் அதற்கு மேலே வேறு வழக்கமான அளவு கிடையாது. அதனால் அந்தக் கப்போடு மல்லுக்கட்டாதீர்கள்.

உண்மையில் அதைக் கழற்றவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். முதலில் கிராங்குகளை எடுத்துவிட்டு (எப்படி என்பது கீழே), இடப்பக்கக் கப்பை மட்டும் கழற்றுங்கள். அதன் வெளியே ஒரு பூட்டு வளையம் இருக்கும், அது சுலபமாக வரும். அச்சையும் குண்டுகளையும் வெளியே எடுத்து, உள்ளே இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து எடுங்கள். இப்போது டார்ச் அடித்து, வலப்பக்கக் கப்பின் உள்ளே குண்டு ஓடிய தடத்தைப் பாருங்கள். பளபளவென்று ஒரே சீரான கோடாகத் தெரியும். பால்பாயின்ட் பேனாவின் முனையை அந்தத் தடத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். முனை வழுக்கிக்கொண்டு போனால் கப் நன்றாக இருக்கிறது. எங்காவது கடக்கென்று தட்டினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழியையும் பேனா முனை காட்டிக்கொடுத்துவிடும். குழி இல்லையென்றால் கப் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டு 22, நிறையப் புது கிரீஸ், அவ்வளவுதான். கரகரப்பு நின்றுவிடும், செலவு 12 யூரோவைத் தாண்டாது.

குழி இருந்தால்தான் வேலை பெரிது. கிராங்க் குழாயை நிமிர்த்திவைத்து மரை ஓரத்தில் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கப்பின் இரண்டு தட்டையான பக்கங்களையும் பட்டறை வைஸில் கவ்வவைத்து, ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல ஃபிரேமையே பிடித்துத் திருப்ப வேண்டும். ஸ்பேனரால் முயன்று, அது வழுக்கி ஃபிரேமில் பெயிண்டைப் பெயர்த்த தழும்பு என் சைக்கிள் ஒன்றில் இன்றும் இருக்கிறது. பலேர்மோவில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி: இத்தாலிய நகரங்கள் பலவற்றில் சிக்லொஃபிச்சீனா என்ற பொதுப் பட்டறைகள் உண்டு. கருவிகளை அங்கேயே பயன்படுத்தலாம், அனுபவமுள்ள கைகளும் கிடைக்கும். விசாரித்துப் பாருங்கள். புது அச்சுப் பெட்டி வாங்கப் போனால் கடையில் "மொவிமெந்தோ சென்த்ராலே, பாஸ்ஸோ இத்தாலியானோ" என்று கேளுங்கள். கம்பாஞோலோ கிராங்க்குக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜப்பானிய அளவில் செதுக்கிய அச்சு கொஞ்சம் பருமன், அதில் உங்கள் கிராங்க் முழுதாக உட்காராமல் 4, 5 மி.மீ. வெளியே நிற்கும்.

கிராங்கைக் கழற்றும்போது ஒரு கவனம். ரலியில் காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றியிருப்பீர்கள். இதில் போல்ட்டைக் கழற்றிவிட்டு, 22 மி.மீ. மரையுள்ள புல்லரைப் பூட்டி இழுக்க வேண்டும். போல்ட் வந்த பிறகு உள்ளே ஒரு வாசர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்க மறந்து புல்லரைத் திருகினால் அலுமினிய மரை உரிந்து கையோடு வந்துவிடும். நல்ல கிராங்குகள் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகின்றன.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ஒரு யூரோ செலவழிக்கும் முன்பே செய்யவேண்டியது ஃபிரேம் சோதனை. ஹாண்டில் கழுத்துக்குப் பின்னால், சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்திலும் மேல் பாரின் அடியிலும் கட்டைவிரலை மெதுவாக நகர்த்துங்கள். துணி மடிப்புப்போல ஒரு அலை தட்டுப்பட்டால், வண்டி எப்போதோ நேராக எதிலோ மோதியிருக்கிறது. அந்த ஃபிரேமில் பணம் போடாதீர்கள். அடுத்து பின் சக்கரம் மாட்டும் கொக்கி ஒன்றில் நூலைக் கட்டி, கழுத்தைச் சுற்றிக்கொண்டுபோய் மறுபக்கக் கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். 3, 4 மி.மீ. என்றால் தெரிந்தவரிடம் காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இரும்பு அதற்கு இடம் கொடுக்கும்.

கம்பாஞோலோ ரெக்கார்ட் வகைக் கிராங்க் என்றால் இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். வலப்பக்கக் கிராங்கில் ஐந்து கைகள் பிரிகிற இடத்தில், தண்டை ஒட்டிய மூலையில் முடி போன்ற வெடிப்பு விழுவது இவற்றின் பழைய நோய். துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் கிராங்க் அழகுக்கு மட்டும்தான். ஹாண்டில்பாரும் அது நிற்கும் தண்டும் அலுமினியம். டேப்பை உரித்துப் பார்த்து, வெட்டுக்கோடோ அரிப்போ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். மலை இறக்கத்தில் ஹாண்டில் ஒடிந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. சீட் கம்பி ஃபிரேமோடு இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுப் பொறுமையாக இருங்கள், சூடு காட்டாதீர்கள்.

பெயிண்டுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். பணம் ஒரு காரணம்தான். அந்தப் பெயிண்டும் ஸ்டிக்கரும் தொழிற்சாலையிலிருந்து வந்தவை, ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது. தொஸ்கானாவின் காயோலே இன் கியாந்தியில் 1997-இலிருந்து நடக்கும் எரோய்க்கா ஓட்டத்துக்கு 1987-க்கு முந்தைய சைக்கிள்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள், தழும்போடு வரும் அசல் பெயிண்டைத்தான் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, கார் பாலிஷ் போட்டுத் துணியால் தேயுங்கள். பெயிண்ட் பெயர்ந்து துரு தெரியும் இடங்களில் மட்டும் துருவைச் சுரண்டி, அதே நிறத்தில் சின்னத் தூரிகையால் தொட்டு வையுங்கள். உங்களுடையது கடற்கரை ஊர், உப்புக் காற்று. சீட் கம்பியைக் கழற்றியிருக்கும்போதே குழாய்களுக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஃபிரேமைச் சாய்த்துச் சாய்த்து எங்கும் பரவவிடுங்கள்.

குரோம் பூசிய ஃபோர்க்கில் செம்புள்ளிகள் இருக்கும். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். முதலில் பழுப்பு நிறக் குழம்பு ஒன்று வரும், அதைத் துடைத்தால் கண்ணாடி மாதிரி குரோம் தெரியும். அலுமினியம் குரோமை விட மென்மையானது, கீறல் விழாது. உப்புத்தாளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ரிம்மோடு ஒட்டியிருக்கும் டயரை அங்கே துபோலாரே என்பார்கள். டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டுவது. பந்தயத்துக்கு அருமையானது. ஆனால் பசை வறண்டு போனதை நம்பி வளைவில் திரும்பக் கூடாது, பஞ்சரானால் தையலைப் பிரித்துத்தான் ஒட்டுப்போட வேண்டும். தினசரி வேலைக்கும் இதிலேயே போவதென்றால், அந்தச் சக்கரங்களை அப்படியே துணியில் சுற்றி எடுத்துவைத்துவிட்டு, சாதாரண டயர் போடும் பழைய 700 சக்கர ஜோடி ஒன்றைத் தேடுங்கள். கோபெர்தொன்சீனோ சக்கரம் என்று கேட்டால் புரியும். பின் சக்கரத்தின் அச்சு அகலம் 126 மி.மீ., திருகிப் பூட்டும் ஃப்ரீவீல் (பின் பற்சக்கரத் தொகுதி) வகை. இந்த இரண்டும் பொருந்தினால் போதும், பிராண்டைப் பார்க்காதீர்கள். ரிம் கோட்டம் இருந்தால் எடுத்துவிடலாம், ஹப் கோனில் (சக்கர அச்சில் குண்டுகள் உருளும் கூம்பில்) குழி இருக்கக் கூடாது. பலேர்மோவின் பழைய தெருக்களில் கல் பாவியிருப்பதால், ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கும் மிகப் பருமனான டயரைப் போடுங்கள். 25 மி.மீ. பெரும்பாலும் நுழையும், 28 அளந்து பார்த்து.

இப்போது மலை. ரொசாலியா கோயில் இருக்கும் மோன்தே பெல்லெக்ரீனோ 600 மீட்டர் உயரம், ஏற்றம் ஏமாற்றாது. நடந்து ஏறிப் பழகிய உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் முன்னால் சின்னச் சக்கரமே 42 பல் இருக்கும், பின்னால் பெரியது பெரும்பாலும் 21 தான். அதில் ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 4.2 மீட்டர் ஓட வேண்டும். முன்னால் குறைக்க வழியில்லை, ஐந்து போல்ட் வட்டம் 144 மி.மீ. என்றால் 41 பல்லுக்குக் கீழே பொருந்தாது. அதனால் பின்னால் மாற்றுங்கள். 26 பல் உள்ள ஃப்ரீவீல் போட்டால் ஒரு மிதிக்கு 3.4 மீட்டர், 28 என்றால் 3.15. முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பழைய கம்பாஞோலோ டெரெய்லர் (பின்னால் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) 26 வரை எளிதாக எடுக்கும். 28 போட்டால் மேலே உள்ள குட்டிச் சக்கரம் பல்லில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அந்த டெரெய்லரில் பாட்டென்ட் என்ற சொல்லும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருந்தால், சைக்கிளின் வயதைக் கணிக்க அது உதவும்.

பணக் கணக்குக்கு வருவோம். நான் வாங்கிய விலைகளை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். பழைய சக்கர ஜோடி 70, டயரும் டியூபும் 55, பிரேக் கியர் கேபிள் எல்லாம் உறையோடு 20, பிரேக் கட்டை 12, செயின் 15, ஃப்ரீவீல் 20, குண்டும் கிரீஸும் 12, ஹாண்டில் டேப் 12. மொத்தம் 216. மீதி 34 யூரோவைத் தொடாதீர்கள். ஹாண்டிலையோ அச்சையோ மாற்றவேண்டி வந்தால் அது தேவைப்படும். பணம் முன்னே பின்னே வந்தால் பிரேக் கட்டையும் கேபிளும் டயரும்தான் முதலில். 40 வருஷத்துப் பிரேக் ரப்பர் கல்லாகியிருக்கும். அழுத்தினால் ரிம்மைப் பிடிக்காது, கிறீச்சென்று சத்தம் மட்டும் வரும்.

எல்லாம் பூட்டியதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் ஃபவோரித்தா பூங்கா வழியே மொந்தெல்லோ கடற்கரை வரை போய் வாருங்கள், பாதை சமதளம். 50 கிலோமீட்டர் ஓடியதும் கிராங்க் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், புது கேபிள் தளர்ந்திருக்கும், அதையும் இழுத்துக் கட்டுங்கள். வலப்பக்கக் கப்பைக் கழற்றிப் பூட்டியிருந்தால், கப்பிலும் ஃபிரேமிலும் ஒரே நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் கப் கழலத் தொடங்கிவிட்டது. இறுக்கிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.