செனட்டர் ஒருவர் அவையில் பேசுவதால் சட்டத்தில் என்ன மாறுகிறது?

கேள்வி இது: வாக்குகள் எப்படி விழும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிற நிலையில், சமூகநலச் சட்டங்கள் மீதும் சுற்றுச்சூழல் சட்டங்கள் மீதும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர் ஒருவர் எழுந்து நீண்ட நேரம் பேசுவதால் பயன் உண்டா, அல்லது அது வெறும் சடங்குதானா?

பெரும்பாலும் சடங்குதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் அவைப் பேச்சுகளையும் ஓரளவு படித்திருக்கிறேன். நூற்றில் தொண்ணூறு பேச்சுகள் தொகுதிக்காரர்களின் காதில் விழுவதற்காகவே பேசப்படுபவை. ஆனால் எஞ்சியவற்றில் ஒருவரின் பெயர் எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து 1959 முதல் 1980 வரை செனட்டில் இருந்த எட்மண்ட் மஸ்கிதான் அவர். ஜனநாயகக் கட்சிக்காரர், 1968இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றவர்.

நான் அவரை வரலாற்றுப் புத்தகத்தில் சந்திக்கவில்லை. 2006ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் சந்தித்தேன். மெய்ன் மாநிலத்தில் பிரசம்ப்ஸ்காட் ஆற்றின் குறுக்கே எஸ்.டி. வாரன் என்ற நிறுவனம் ஐந்து நீர்மின் அணைகளை வைத்திருந்தது. மத்திய அரசின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, ஆற்று நீரின் தரம் கெடாது என்று மாநில அரசிடமும் சான்று பெற வேண்டுமா என்பது வழக்கு. அணைக்குள் வந்த தண்ணீரே வெளியே போகிறது, நாங்கள் அதில் எதையும் கலக்கவில்லை, ஆகவே இது 'வெளியேற்றம்' ஆகாது என்றது நிறுவனம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிபதி சூட்டர் எழுதிய அந்தத் தீர்ப்பில், மாசுபடுத்தும் எவரும் மத்திய அரசின் உரிமத்தைச் சாக்காகக் காட்டி அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று 1970இல் மஸ்கி செனட்டில் சொன்ன வாக்கியம் மேற்கோளாக வருகிறது. சொன்னவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பேசிய வாக்கியம் அவருடைய சொந்த மாநிலத்து ஆறு ஒன்றுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

ஆறு என்பது அவருக்குப் பிறந்த ஊரிலேயே வாய்த்த பாடம். ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையில் உள்ள ரம்ஃபோர்டு என்ற காகித ஆலை ஊரில், போலந்திலிருந்து குடியேறிய ஒரு தையற்காரரின் மகனாக 1914இல் பிறந்தார். ஆலைக் கழிவாலும் ஊர்ச் சாக்கடையாலும் கோடைக்கோடை நாறிய ஆறு அது. அதே ஆலைகள்தான் ஊருக்குச் சோறும் போட்டன. அவருடைய பேச்சுகளில் ஆலைகளைத் திட்டும் தொனி குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

செனட்டில் அவர் சுற்றுச்சூழல் பக்கம் வந்ததே ஒரு விதத்தில் தண்டனையாகத்தான். 1959இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சன், பல வாக்கெடுப்புகளில் எழுத்தர் பெயர் வாசித்துக்கொண்டே 'எம்' எழுத்துக்கு வரும்வரை எப்படி வாக்களிப்பதென்று உனக்கே தெரியாது என்று புதுமுகமான மஸ்கிக்கு அறிவுரை சொன்னாராம். பேசிப்பேசியே மசோதாவை முடக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதி மீது வாக்கெடுப்பு வந்தபோது, உன் வாக்கு யாருக்கு என்று ஜான்சன் கேட்க, எழுத்தர் இன்னும் 'எம்'முக்கு வரவில்லையே என்றார் மஸ்கி. வாக்கும் ஜான்சனுக்கு எதிராகவே விழுந்தது. விளைவு, அவர் ஆசைப்பட்ட வெளியுறவுக் குழு கிடைக்கவில்லை. யாரும் பெரிதாக விரும்பாத பொதுப்பணிக் குழு கிடைத்தது. அந்தக் குழுவுக்குள் 1963இல் காற்று, நீர் மாசுக்கென ஒரு துணைக்குழு அமைந்தபோது அதன் தலைவர் ஆனார்.

முதல் ஆண்டுகளின் சட்டங்கள் பலமானவை அல்ல. குறிப்பாக 1967ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டம் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது, மாநிலங்களோ அசையவில்லை. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடரின் ஆய்வுக் குழு 1970இல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் தளர்ச்சிக்கு மஸ்கியையே நேரடியாகக் குற்றம்சாட்டியது. அவர் அதை ரசிக்கவில்லை. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு அவருடைய துணைக்குழுவிலிருந்து வெளிவந்த மசோதா வேறு மாதிரியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அது அவர் ஒருவரின் சரக்கும் அல்ல. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஹோவர்ட் பேக்கரும், மஸ்கியின் கட்சியைச் சேர்ந்த தாமஸ் ஈகிள்டனும் அவரோடு மூடிய அறைக்குள் வரி வரியாக உட்கார்ந்து செதுக்கியது.

1970 செப்டம்பரில் அந்த மசோதா அவைக்கு வந்தபோது நடந்த விவாதம்தான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. 1975ஆம் ஆண்டின் புதிய கார்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பன்களும் 90 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்று மசோதா கெடு விதித்தது. அதைச் சாதிக்கும் கருவி அன்று எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தியில் இல்லை. கார் நகரமான டெட்ராய்ட் அமைந்த மிச்சிகனின் செனட்டர் ராபர்ட் கிரிஃபின், இது வாகனத் தொழிலின் தலையில் துப்பாக்கியை வைப்பதாகும் என்று எதிர்த்தார். மஸ்கி எழுந்து, தொழில்நுட்பத்தாலும் பொருளாதாரத்தாலும் எது முடியும் என்று தீர்மானிப்பது காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) முதல் கடமை அல்ல என்றார். மக்களின் உடல்நலத்தைக் காக்கப் பொதுநலன் எதைக் கோருகிறதோ அதை நிறுவுவதே நம் பொறுப்பு, அதற்காக இப்போது முடியாததாகத் தோன்றுவதைச் செய்யும்படி மக்களையும் தொழில்களையும் கேட்க வேண்டியிருக்கலாம் என்றார்.

செப்டம்பர் 22 அன்று மசோதா 73க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குக்கூட இல்லாத இடத்தில், அந்தப் பேச்சு எந்த வாக்கையும் திருப்பியது என்று சொல்ல மாட்டேன். அது செய்தது வேறு. அதுவரை 'எவ்வளவு முடியும்?' என்று தொடங்கிய கணக்கை அது 'எவ்வளவு வேண்டும்?' என்று தொடங்க வைத்தது. அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதை அவைக் குறிப்பிலும் ஏற்றி வைத்தது. டிசம்பர் 31 அன்று ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட விழாவுக்கு மஸ்கிக்கு அழைப்பு இல்லை. 1972 தேர்தலில் தனக்கு எதிராக நிற்கக்கூடியவர் என்று நிக்சன் கருதிய மனிதருக்குப் பந்தியில் இலை போடாதது வியப்பல்ல.

இரண்டாவது பேச்சு 1972 அக்டோபரில். தூய்மை நீர்ச் சட்டம் நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 1,800 கோடி டாலர் ஒதுக்கியது; உரிமம் இல்லாமல் குழாய் வழியே ஆற்றில் எதையும் விடக்கூடாது என்றது. செலவு கட்டுக்கடங்காது என்று சொல்லி 17ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் நிக்சன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருந்தன; உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். ஜனாதிபதி வேட்பாளர் ஆகும் போட்டியில் அந்த ஆண்டே தோற்றிருந்த மஸ்கி எழுந்து, தூய நீருக்குச் செலவிட நமக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டார். உயிர் வாழ்வதே நமக்குக் கட்டுப்படியாகுமா என்றும் கேட்டார். இந்த நாட்டின் நீர்நிலைகளை நாம் அழித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை, இப்போது மீட்கத் தொடங்கும்போது அவற்றுக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை என்றார். சில மணி நேரத்திலேயே செனட் 52க்கு 12 என்ற கணக்கில் வீட்டோவைச் செல்லாததாக்கியது. நிக்சனின் கட்சியினர் பலரும் அதற்கு வாக்களித்தனர். 18ஆம் தேதி காங்கிரஸின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் அவை 247க்கு 23 என்று அதையே செய்தது. இங்கே பேச்சுக்கு வாக்கிலும் பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன், ஏனென்றால் பட்ஜெட் என்ற வாதம் வழக்கமாக எடுபடுகிற வாதம்.

சமூகச் சட்டங்களில் 1966ஆம் ஆண்டின் மாதிரி நகரங்கள் மசோதாவைக் குறிப்பிட வேண்டும். ஏழைக் குடியிருப்புகளைச் சீரமைக்க ஜான்சன், அப்போது ஜனாதிபதியாக, கொண்டுவந்த திட்டம் அது. பெருநகரமே இல்லாத மாநிலத்தின் செனட்டர் அதை அவையில் நடத்திச் சென்றது, ஊர்ப்பாசத்தால் பேசுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் செய்தது. மசோதா 53க்கு 22 என்று தேறியது. திட்டம் பின்னர் பல நகரங்களுக்கு மெல்லியதாகப் பரவிச் சத்தில்லாமல் போயிற்று.

மஸ்கியைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1975 கெடு தள்ளிப்போனது, பிறகு மீண்டும் தள்ளிப்போனது. ஆனாலும் 1975 மாடல் கார்களிலேயே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்டுவிட்டது, ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. 1985க்குள் ஆறுகளில் கழிவு விடுவதே நின்றுவிட வேண்டும் என்று நீர்ச் சட்டம் எழுதிய இலக்கு இன்றுவரை நிறைவேறவில்லை. குழாயில் வராமல் வயலிலிருந்து வழிந்து வரும் உரத்தையும் பூச்சிமருந்தையும் அந்தச் சட்டம் சரியாகத் தொடவே இல்லை. 1977இல் சதுப்பு நிலங்களுக்கான பாதுகாப்பைச் சுருக்க டெக்சஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் கொண்டுவந்த திருத்தம் 51க்கு 45 என்று தோற்றது என்றாலும், வழக்கமான விவசாய வேலைகளுக்கு விலக்கு அளித்த பிறகே மஸ்கியின் தரப்பால் அந்தப் பாதுகாப்பைக் காப்பாற்ற முடிந்தது.

இனி தலைப்பில் உள்ள கேள்வி: அவைப் பேச்சு சட்டத்தின் பொருளைத் தொடுமா? அவைப் பேச்சுகளைச் சட்டத்தின் பொருளாக எடுத்துக்கொள்ளவே கூடாது, ஏட்டில் உள்ள வாசகம் மட்டுமே சட்டம் என்று வாதிடும் நீதிபதிகள் உண்டு. அவர்களில் முதன்மையானவராக இருந்தவர் 2016இல் இறந்த அன்டோனின் ஸ்காலியா. காற்றின் தர அளவுகளை நிர்ணயிக்கும்போது தொழில்களுக்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுக்கலாமா என்ற வழக்கு 2001இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியாவேதான். பொது மக்களின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவு என்று 1970ஆம் ஆண்டின் பிரிவு சொல்கிறது, செலவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, ஆகவே எடுக்கக் கூடாது என்று வாசகத்தை மட்டும் வைத்தே அவர் முடித்தார். அதே வழக்கில் நீதிபதி பிரையர் தனியாக எழுதிய கருத்தில், அதே முடிவுக்கு வர அவர் கைக்கொண்டது அவைக் குறிப்பை: முடியாததாகத் தோன்றுவதைச் செய்யும்படி தொழில்களைக் கேட்க வேண்டியிருக்கும் என்ற மஸ்கியின் 1970 பேச்சு அப்படியே அங்கே மேற்கோளாக நிற்கிறது.