பழைய ரிசீவரில் பின் ஸ்பீக்கர்கள் பேசாதது

டிவி ஒலி பின் ஸ்பீக்கர்களிலும் கேட்க, டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) சிவப்பு, வெள்ளை கேபிள் போதும். ரிசீவரை ‘ஸ்டீரியோ’விலிருந்து ‘புரோ லாஜிக்’ என்ற சரவுண்ட் ஒலி முறைக்கு மாற்றுங்கள். அந்தக் கேபிளில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஒலிகள்) தனித்தனியாக வராது. இடது, வலது ஒலிகளின் வேறுபாட்டிலிருந்துதான் பின்புற ஒலியை ரிசீவர் பிரித்தெடுக்கிறது.

மாற்றியும் நடு ஸ்பீக்கர் மட்டும் பேசினால், இரு பக்கமும் ஒரே ஒலிதான் போகிறது. ஹெட்போன் துளையில் செருகும் உலோக முனையைப் பாருங்கள்: கறுப்பு வளையம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால் அது மோனோ கேபிள். இதைக் கவனிக்காமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தேன்.

ரிசீவரில் ‘டெஸ்ட் டோன்’ பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். பின்னாலிருந்து இரைச்சல் வந்தால் ஸ்பீக்கரிலும் ஒயரிலும் குறையில்லை.

ஆனால், 1987இல் வந்த புரோ லாஜிக்கில் பின்புறம் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலிதான். அதுவும் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் வரைதான். செய்தி வாசிப்பின்போது அவை அநேகமாக வாயே திறக்காது.