வயலில் கை வைக்காதீர்கள் அண்ணாச்சி

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இயற்பியலும் கணக்கும் அவளுக்கு உயிர், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டும் என்கிறாள். சென்னை மைத்துனரோ ஏ.ஐ. இன்ஜினியரிங்தான் கௌரவம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பிடிக்கலாம், வயலை அடமானம் வையுங்கள் என்று தினமும் போன் போடுகிறாராம்.

அண்ணாச்சி, உங்கள் மகளை நினைத்து எனக்குக் கவலையே இல்லை, அடமானத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அவள் கேட்காத படிப்புக்கு அவள் பெயரில் கடன் ஏற்றாதீர்கள். வட்டி கட்ட மைத்துனர் வரமாட்டார்.

பி.எஸ்சி. முடித்தால் இருக்கிற வழிகளில் பி.எட்., வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோலர் (ஏ.டி.சி.) வேலையைப் பற்றி வீட்டில் யாராவது பேசினார்களா? வானத்தில் போகிற விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் வரிசைப்படுத்தி இறக்குகிற வேலை.

"அதையும் கம்ப்யூட்டர் செய்துவிடும்" என்பார் மைத்துனர். எதைச் செய்கிறது என்று பார்ப்போம். 35,000 அடியில் வரும் ஜெட் விமானம், இறங்க வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய 185 கிலோமீட்டர் முன்பே (நெல்லையிலிருந்து மதுரையைத் தாண்டும் தூரம்) இன்ஜின் வேகத்தை அடியோடு குறைத்து ஒரே சரிவாக வழுக்கி வந்தால் எரிபொருள் மிச்சம். ஆனால் நெரிசலில் படிப்படியாகத்தான் இறக்க முடிகிறது, ஒவ்வொரு படியிலும் மட்டமாகப் பறக்க இன்ஜினை மறுபடி முடுக்க வேண்டும், தாழ்வில் காற்று அடர்த்தி, எண்ணெய் எரிந்து தீரும். இதற்காக நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஒரு மென்பொருள் உருவாக்கினார்கள். காற்று, உயரம், விமான வகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, எந்த விமானம் எந்த வேகத்தில் எந்தப் பாதையில் வந்தால் இன்னொன்றோடு முட்டாமல் குறித்த நேரத்துக்கு வந்து சேரும் என்று கன்ட்ரோலரின் திரையில் யோசனை காட்டும். யோசனை மட்டும்தான். அதை ஏற்று விமானிக்குச் சொல்வதும், காற்று கணித்தபடி வீசாதபோது மாற்றுவதும் மனிதர். காற்றும் சரிவும் வேகமும் இயற்பியல்தானே, உங்கள் மகளுக்குப் பிடித்த அதே பாடம்.

இந்திய விமான நிலைய ஆணையம்தான் ஆள் எடுக்கிறது. ஜூனியர் எக்சிகியூட்டிவ் என்று அறிவிப்பு வரும். இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேர பி.எஸ்சி. போதும், அதனால் சேரும்போதே பாடத்திட்டத்தில் கணிதம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தபால்வழிப் படிப்பு செல்லாது. வயது வரம்பு 27, ஓ.பி.சி. பிரிவுக்கு 3 ஆண்டு சலுகை. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, உளவியல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும். பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் ஆணையமே பயிற்சி கொடுக்கும். ஆகவே "ஏ.டி.சி. கோர்ஸ், வேலை உறுதி" என்று லட்சங்கள் கேட்டு யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு ஆண்டுதோறும் வராது, போட்டி கடுமை, இரவு ஷிஃப்ட் உண்டு, பக்கத்திலிருக்கும் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில்தான் போஸ்டிங் வேண்டும் என்றெல்லாம் கேட்க முடியாது. கிடைக்காமல் போனாலும் எம்.எஸ்சி. இருக்கிறது, வயலும் உங்களிடமே இருக்கும். ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படுவாள் என்றால் இந்த லீவிலேயே பழகட்டும், தேர்வில் அதுவும் பார்ப்பார்கள்.

இந்த வாரமே பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விண்ணப்பம் போடுங்கள். மைத்துனருக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் போனை மகளிடம் கொடுங்கள், அவளே பேசிக்கொள்வாள்.