தார், சரளை, மணல்: எல்லாவற்றுக்கும் ஒரே டயர் போதுமா?

பல ஆயிரம் கிலோமீட்டர் நீளும் பயணத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எந்த டயர் மாட்டுவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளில் பாதிக்கு மேல் டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின் வடிவத்தைப் பற்றியவை. நடுவழியில் வண்டியை நிறுத்த வைப்பவை பெரும்பாலும் பக்கச்சுவரும் காற்றழுத்தமும்தான். அதனால் என் பதில்களும் அந்தப் பக்கமே அடிக்கடி திரும்பும்.

கேள்வி: ஐயா, குடும்பத்தோடு நீண்ட பயணம் கிளம்புகிறோம். முக்கால் பங்கு தார்ச்சாலை, மீதி சரளை, இடையிடையே மணல், மழை பெய்தால் கொஞ்சம் சேறு. எம்.டி. டயர் மாட்டிவிட்டால் எதற்கும் பயப்பட வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். சேற்றுக்கென்று செய்யப்படும் எம்.டி. டயரில் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலமானது. சுழலும்போது ஒட்டிய சேற்றை உதறிவிட்டு அடுத்த சுற்றுக்குச் சுத்தமாக வர வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. தார்ச்சாலையில் அதே இடைவெளி பாதகமாகிவிடுகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவதால் ஈரச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். நாள் முழுக்க இரைச்சல், கூடுதல் எரிபொருள், வேகமான தேய்மானம் ஆகியவை வேறு.

சேற்றில் சிக்கினால் சில மணி நேரம் போகும், இழுத்துவிட ஆள் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மழை பெய்த நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும்போது உங்கள் வண்டி நிற்கவில்லை என்றால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பின்இருக்கையில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் பாதைக்கு, பலவகைத் தரைக்குமான ஏ.டி. டயர்தான் பொருத்தம். அதிலும் பட்டன்கள் நெருக்கமாக, நடுவில் தொடர்ச்சியான வரி உள்ள வடிவமாகப் பாருங்கள்.

கேள்வி: என் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்த எச்.டி. (நெடுஞ்சாலை) டயர்தான் இருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது. போகும் வழியில் சரளை கொஞ்சம்தான். இதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: புதியதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பராமரிக்கப்படும் சரளைச் சாலையில் நெடுஞ்சாலை டயர் தாராளமாகப் போகும். ஆனால் பாதி தேய்ந்தது என்கிறீர்கள். புதிய எச்.டி. டயரில் பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் ஆழம் 8 அல்லது 9 மில்லிமீட்டர் இருக்கும், ஏ.டி. டயரில் 10 முதல் 13 வரை. உங்களுடையதில் இப்போது 4 சொச்சம்தான் மிச்சம். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. அது தார்ச்சாலைக் கணக்கு. கூரான கல்லுக்கும் உள்ளே இருக்கும் கம்பி வலைக்கும் நடுவில் நிற்பது அந்த ரப்பர் மட்டும்தான். தேய்ந்த டயரை ஊருக்குள் ஓட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள், பயணத்துக்குப் புதியது வாங்குங்கள்.

கேள்வி: ஒரே அளவில் சாதாரண டயரும் எல்.டி. (இலகுரக லாரி வகை) டயரும் கிடைக்கிறது. விலை வித்தியாசம் அதிகம். எல்.டி. உண்மையிலேயே அவசியமா? டயரில் அச்சிட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

பதில்: எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. உதாரணமாக 265/65ஆர்17 112எஸ் என்று இருக்கிறது என்று வையுங்கள். அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 112 என்பது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. எல்.டி. வகையில் 121 என்ற சுமைக் குறியீடு இருந்தால் 1,450 கிலோ.

இப்போது உங்கள் வண்டியின் பின் அச்சை நினைத்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கூடுதல் எரிபொருள், கூடாரம், கருவிகள், குளிர்பெட்டி, கூரைமேல் கேரியர், பின்னால் இரண்டு பேர் என்று பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரங்களில்தான் இறங்குகிறது. எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த பிறகு எடைமேடைக்குப் போய் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். பின் அச்சின் எடையில் பாதி, டயர் தாங்கும் அளவை நெருங்கிவிட்டால் எல்.டி. வாங்கிவிடுங்கள்.

பாரம் குறைவாக இருந்தாலும் வழியில் உடைகல், கூரான பாறை அதிகம் என்றால் எல்.டி. பக்கமே சாய்வேன். அதன் உடலில் அடுக்குகள் வலுவானவை, சில மாடல்களில் பக்கச்சுவரே மூன்றடுக்கு. அதற்கு விலையும் உண்டு: டயர் கனம், குலுக்கல் கூடும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதே பாரத்தைத் தாங்க எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும். டயரை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே காற்றடித்து ஓட்டுபவர்கள் நிறைய. டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

தார்ச்சாலையும் நல்ல சரளையும் மட்டும், பாரமும் கட்டுக்குள் என்றால் எல்.டி.க்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: காற்று எவ்வளவு வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சரளையில் காற்றைக் குறைத்தால் பஞ்சர் ஆகும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

பதில்: அது தலைகீழான நம்பிக்கை. இறுக ஊதிய பலூனையும் கொஞ்சம் தளர ஊதிய பலூனையும் விரலால் அழுத்திப் பாருங்கள், தளர்ந்தது விரலைச் சுற்றி வளைந்துகொடுக்கும். கல்லின் மேல் ஏறும் டயரும் அப்படித்தான். காற்று சற்றுக் குறைந்தால் தரையில் படியும் பகுதி முக்கியமாக நீளவாக்கில் நீள்கிறது, கல்லின் முனை ஒரே புள்ளியில் குத்தாது. மணலில் அமிழாமல் மிதப்பதும் இதனால்தான். ஆனால் காற்று குறைந்தால் வேகமும் குறைய வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறப்பவர்களுக்குத்தான் டயர் வெடிக்கிறது.

தார்ச்சாலைக்கு, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் பட்டியலில் முழுப்பாரத்துக்கு எழுதியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சாதாரண டயரில் சுமார் 4 பி.எஸ்.ஐ., எல்.டி. டயரில் சுமார் 6 கூடியிருந்தால் சரி. அதைவிட அதிகமாக ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று போதவில்லை, டயர் வளைந்து வளைந்து சூடாகியிருக்கிறது என்று பொருள். மறுநாள் கொஞ்சம் கூட்டிவையுங்கள். சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சரளைக்கு வந்ததும் கால் பங்கு குறையுங்கள். 40 இருந்தால் 30. வேகம் 80க்குள். மணலுக்கு 16 முதல் 18, வேகம் 40க்குள், திருப்பங்களில் ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்கக் கூடாது. 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு, வண்டி புதைந்துபோய் வேறு வழியே இல்லாதபோது மட்டும் இறங்குங்கள். மறுபடி தார்ச்சாலை ஏறுவதற்கு முன்பே காற்றடித்துவிட வேண்டும்.

காற்று குறைந்த நிலையில் வேகமாக ஓடிய டயரைக் கழற்றும்போது ஒரு முறை எட்டிப் பாருங்கள். வெளியே பார்க்கப் புதியதுபோல இருக்கும். உள்ளே பக்கச்சுவரைச் சுற்றி வளையம்போல ஒரு தடம், அடியில் கருந்தூளாக ரப்பர் பொடி. அது டயரின் சதை. அப்படி ஒன்றைக் கண்டால் ஒட்டுப்போடச் சொல்லாதீர்கள், அந்த டயரைக் கழித்துவிடுங்கள். பக்கச்சுவர் உள்ளுக்குள் அறுந்துகொண்டிருக்கிறது, அடுத்த வேகமான ஓட்டத்தில் போய்விடும்.

இவ்வளவுக்கும் வேண்டியவை ஒரு நல்ல காற்றளவு மானியும், பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் சிறிய கம்ப்ரஸரும். டயருக்குச் செய்யும் செலவில் கொஞ்சத்தைக் குறைத்தாவது இவற்றை வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, தரையிலிருந்து வண்டியின் உயரம் கூட வேண்டும். 265/65ஆர்17க்குப் பதில் 265/70ஆர்17 போடலாமா?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம் தம்பி. முதல் டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 803. வித்தியாசம் 27, ஆனால் அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். கிடைப்பது 13 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதற்காக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பிருந்ததைவிட மூன்றரைக் கிலோமீட்டர் வேகமாகப் போவீர்கள், ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும், முழுவதும் ஒடித்தால் மட்கார்டில் உரசலாம். அளவை மாற்ற உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீண்ட பயணத்தில் எனக்கு முக்கியமான காரணம் வேறு: வழியில் ஒரு டயர் போய்விட்டால் உங்கள் வகை வண்டிக்குப் பொதுவான அளவுதான் கடையில் கிடைக்கும். கம்பெனி அளவிலேயே இருங்கள்.

கேள்வி: ஸ்டெப்னி ஒன்று போதுமா?

பதில்: அடுத்த டயர் கடைக்கு ஒரு நாளைக்குமேல் ஆகும் பாதை என்றால் இரண்டு. மற்றபடி ஒன்று போதும், ஆனால் அதே அளவு, அதே வகை, ஏறக்குறைய அதே தேய்மானம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் ஒரு சக்கரத்தின் சுற்றளவு மாறினால்கூட, முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும். கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்குவதை இறக்கும் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கலாம், வீட்டு வாசலிலேயே ஒரு முறை இறக்கி ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் தனியாக ஓட்டிப் போகிறவள். ஆளில்லாத இடத்தில் பஞ்சரானால் நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: கட்டாயம் முடியும் அம்மா, வீட்டில் ஒரு பழைய டயரில் பழகிக்கொண்டால் கை நடுங்காது. சோப்புத் தண்ணீரைப் பட்டன் பகுதியிலும் வால்விலும் ஊற்றினால் குமிழ் வரும் இடம் தெரியும். ஆணியைப் பிடுங்கும் முன் எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், துளையைத் துருவும் கருவியும் திரி ஏற்றும் ஊசியும் அதே கோணத்தில் போக வேண்டும். பசை தடவிய பஞ்சர் திரியைத் துளையில் ஏற்றி, ஊசியைச் சரக்கென்று இழுத்து, வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடியுங்கள். பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையான துளைக்கு இது சரி. ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உள்ளிருந்து முறையாக ஒட்டிவிட வேண்டும். பக்கச்சுவரில் வெட்டு விழுந்தால் திரி தாங்காது, ஸ்டெப்னிதான். ஜாக்கி மணலில் புதையும், அடியில் வைக்க ஒரு தடித்த பலகை எடுத்துப் போங்கள்.

கேள்வி: மலைக் கணவாயில் பனி இருக்கலாம். டயரில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. அது பட்டன் வடிவத்தைக் குறிப்பது மட்டும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருந்தால்தான் அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டது. பல ஏ.டி. டயர்களில் இருக்கிறது, தேடி வாங்குங்கள். உறைந்த பனிக்கட்டிக்கு அதுவும் போதாது, டயரின் மேல் மாட்டும் சங்கிலி வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் தள்ளுபடியில் தருகிறார். பழைய சரக்கோ என்று சந்தேகம்.

பதில்: பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும். ஐந்து வருடம் தாண்டியதைப் பயணத்துக்கு வாங்காதீர்கள், தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும்.

கேள்வி: புது டயரைக் கிளம்பும் நாளில் மாட்டினால் போதும்தானே?

பதில்: இரண்டு வாரம் முன்னால் மாட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிர்வு, ஒரு பக்கம் இழுப்பது, வால்வில் கசிவு எல்லாம் தெரிந்துவிடும், கடையும் பக்கத்திலேயே இருக்கும். அலைன்மென்ட்டைப் பாரம் ஏற்றிய நிலையில் பாருங்கள். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். வழியில் சக்கரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதேபோல் செய்யுங்கள்.